கடைசியில் வருபவரின் நடை

எடின்பரோ நகரில் ஜார்ஜ் சதுக்கம் என்றோர் இடம் உண்டு. நடுவே மரங்கள் அடர்ந்த தோட்டமும், சுற்றிலும் பல்கலைக்கழகக் கட்டடங்களுமாக அமைந்த அச்சதுக்கத்தில், அக்டோபர் மாதக் காலைப்பொழுது ஒன்றில் நான் தனியே நின்றுகொண்டிருந்தேன். காதை அறுக்கும் காற்று. எதிரே ஒருவரும் இல்லை. இல்லாத கூட்டத்தைப் பார்த்து, "அனைவரையும் வரவேற்கிறேன், என்னுடன் வாருங்கள்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் என்னை ஒருமுறை பார்த்தார். பின்பு தம் நாயை இழுத்துக்கொண்டு சற்று விரைந்து நடந்தார். மாணவத் தூதராவதற்கு எனக்கு அளிக்கப்பட்ட பயிற்சியின் முதல் நாள் அது.

மாணவத் தூதர் என்னும் பெயர்தான் பெரிது. பல்கலைக்கழகத்தில் சேர எண்ணி வருவோர்க்கும், அவர்தம் பெற்றோர்க்கும், பள்ளிகளிலிருந்து வரும் சிறார்க்கும் வளாகத்தைச் சுற்றிக் காட்டி, அவர்கள் கேட்பவற்றுக்கு விடை சொல்வதே வேலை. அங்குப் பயிலும் மாணவர்களையே தேர்ந்தெடுத்துப் பழக்கி, மணிக்கணக்கில் ஊதியமும் தருவார்கள். வெளிநாட்டு மாணவர் படிப்புக் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யலாகாது என்பது அந்நாட்டு விதி. அந்த இருபதுக்குள் அடங்கும் வேலையாகவும், உணவுக் கடையில் தட்டுக் கழுவுவதைவிடக் கைக்கு இதமானதாகவும் இது தோன்றியது. விண்ணப்பித்ததற்கு அது ஒரு காரணம். மற்றொன்றை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. முதுகலை வேதியியல் படிக்க வந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. அந்த ஐந்து வாரங்களில் நான் பேசிய சொற்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவிடலாம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த எனக்கு ஆங்கிலம் எழுத வரும், படிக்க வரும், வாயைத் திறந்தால் மட்டும் ஒவ்வொரு சொல்லும் படியில் இடறி விழும் குழந்தை போல விழும். பேசியே தீர வேண்டிய இடத்தில் போய் நின்றாலொழிய இது தீராது என்று எண்ணினேன்.

நேர்முகத் தேர்வில், "உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றி மூன்று நிமிடம் பேசுங்கள்" என்றனர். மற்றவர்கள் இசை, மலையேற்றம், காற்பந்து என்று பேசினர். எனக்கு அந்நேரத்தில் நினைவுக்கு வந்தது திருவாரூர்ப் பக்கத்து எங்கள் சிற்றூரின் அரிசி ஆலை. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் காயவைத்து அரைப்பதைச் சொன்னேன். அவிக்கும்போது மணியின் உள்ளிருக்கும் மாவுப்பொருள் இறுகுவதையும், தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குவதையும், அதனால் புழுங்கலரிசி பச்சரிசியைவிடச் சத்து மிகுந்திருப்பதையும் சொன்னேன். களத்தில் காயும் நெல்லைக் காலால் கோடு கிழித்துத் துழாவுவதை எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. என்னை யாரும் நிறுத்தவில்லை. ஆங்கிலம் அன்றும் இடறியதுதான். ஆனால் இடறியது எனக்கு நினைவில்லை.

பயிற்சிக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தோம். பயிற்றுநர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். அந்நாட்டு வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். என் தாயினும் மூத்தவரை எப்படிப் பெயர் சொல்லி அழைப்பது? மூன்று வாரங்கள் அவரை எதுவும் சொல்லி அழைக்காமல், அவர் கண்ணில் படும்படி எதிரே போய் நின்று பேச்சைத் தொடங்கும் உத்தியால் காலம் தள்ளினேன். அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். என் தலை தெரிந்தாலே, "சொல்லுங்கள்" என்று அவரே தொடங்கிவிடுவார்.

பேச்சுப் பயிற்சியை எதிர்பார்த்துச் சென்றவர்களுக்கு முதலில் கிடைத்தது நடைப் பயிற்சி. "உங்களுள் வேகமாக நடப்பவர் யார்?" என்று கேட்டார். நால்வர் கை தூக்கினோம். "நல்ல வழிகாட்டியாக உங்களுக்கு நெடுநாள் ஆகும்" என்றார். கூட்டத்தை அழைத்துச் செல்பவரின் வேகம் கூட்டத்தில் கடைசியாக வருபவரின் வேகமாக இருக்க வேண்டும். நிற்குமிடத்தை அடைந்ததும் உடனே பேசத் தொடங்கலாகாது; கடைசி ஆள் வந்து, நின்று, மூச்சு விட்ட பிறகுதான் முதற்சொல். நடந்துகொண்டே பேசினால் முன்னால் வரும் மூவர் மட்டுமே கேட்பர்; பின்னால் வருவோர் தாம் வேண்டாதவர் என்று எண்ணுவர். எனவே நட, நில், திரும்பு, காத்திரு, பேசு. காற்று உங்கள் முதுகின்மேல் வீசும்படி நின்றால் குரல் கூட்டத்தை நோக்கிச் செல்லும். வெயில் அடித்தால், அபூர்வமாக அங்கும் அடிக்கும், அது உங்கள் முகத்தில் படட்டும். கேட்பவர் கண் கூசலாகாது. புறப்படும்போதும் ஒவ்வொரு தெருவைக் கடந்த பின்னும் தலைகளை எண்ண வேண்டும். விரல் நீட்டாமல் எண்ண வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு பயிற்சியா என்று அன்று தோன்றியது. பிற்பகலில் ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, எங்களில் ஒருவரை மாற்றி ஒருவராக அமரச் செய்து, வழி நெடுகத் தள்ளச் சொன்னார். எடின்பரோவின் பழைய தெருக்கள் பல, கருங்கல் துண்டுகளை அடுக்கிப் பாவியவை. பார்க்க அழகாய் இருக்கும். நாற்காலியில் அமர்ந்தபோது அவ்வழகு முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் தெரிந்தது. நாள்தோறும் நான் தாவி ஏறிய மூன்று படிகள், அன்று பெருஞ்சுவராக நின்றன. படியில்லாத வழியைக் கண்டுபிடிக்கக் கட்டடத்தைச் சுற்றி வந்தோம். அதன்பின் அந்த வளாகத்தின் வரைபடம் என் மனத்தில் வேறாகிவிட்டது.

பள்ளிச் சிறார் வரும் நாள்களுக்கெனத் தனி விதிகள் இருந்தன. பதினெட்டு வயது நிரம்பாத எவருடனும் தனி அறையில் இருத்தல் கூடாது. சொந்தக் கைப்பேசி எண்ணைத் தரக் கூடாது. சிறுவர் ஒருவர் தமக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்ல முற்பட்டால் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஆனால், 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்களிக்கக் கூடாது. உரிய பொறுப்பாளரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். இவ்விதிகளைக் கேட்டதும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போகும் அக்கா, பின்னால் படிக்க வரும் பெண்ணிடம் எண்ணைக் கொடுப்பாள். சான்றிதழுக்கு அலையும்போது கூடவே போவாள். அவள் அழுதால் அந்த அழுகையை வெளியே விடமாட்டாள். நான் கல்லூரியில் சேர்ந்ததே அப்படி ஓர் அக்காவால்தான். இதைப் பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அந்த அக்காவை உங்கள் ஊரார் எல்லார்க்கும் தெரியும். இங்கே வரும் குழந்தைக்கு உங்களைத் தெரியாது. இந்தச் சட்டையைத்தான் தெரியும். அதை அணிந்த எவரையும் அக்குழந்தை நம்பலாம் என்றிருக்க வேண்டும், அதற்காகத்தான் விதி" என்றார். ஏற்றுக்கொண்டேன். எனினும் இழப்பு ஒன்று அதில் இருப்பதாகவே இன்றும் எண்ணுகிறேன்.

மூன்றாம் வாரம் ஒத்திகை உலா. ஒவ்வொருவரும் ஓர் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு ஜார்ஜ் சதுக்கமும் அதன் மூலையிலுள்ள முதன்மை நூலகமும் வந்தன. அந்நூலகம் பேசில் ஸ்பென்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் நிறுவனம் வடிவமைத்தது. 1967ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, கூட்டத்தைச் சிரிக்கவைக்க எண்ணி, "இந்நூலகம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மண்ணில் புதைந்துவருகிறது. கட்டடத்தின் எடையைக் கணக்கிட்டவர், உள்ளே வைக்கப்போகும் புத்தகங்களின் எடையைச் சேர்க்க மறந்துவிட்டார்" என்றேன். எல்லாரும் சிரித்தனர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆங்கிலத்தில் நான் சொல்லி, ஆங்கிலேயர் சிரித்த முதல் நகைச்சுவை அது.

பயிற்றுநரும் சிரித்தார். பின்பு, "யார் சொன்னது?" என்றார். விடுதியில் ஒரு மாணவர் சொன்னதாகச் சொன்னேன். "அவருக்கு யார் சொன்னது?" எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதை அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் எத்தனையோ பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றி அச்சுப் பிசகாமல் சொல்லப்படுகிறது என்றார். எல்லா ஊரிலும் எல்லாப் பொறியாளரும் புத்தகத்தின் எடையையே மறப்பார்களா? வேதியியல் படிக்கும் நான், ஆய்வுக்கூடத்தில் ஒரு மில்லிகிராமுக்கும் கணக்குக் கேட்கப்படும் நான், அதை ஒரு நொடி கூட ஐயுறவில்லை. "உங்களை நம்பி வருபவர், நூலகம் புதைகிறது என்பதையும் நம்புவார், கல்விக் கட்டணத்தைப் பற்றி நீங்கள் சொல்வதையும் அதே காதால்தான் கேட்பார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பேச அழைத்தார்.

நாணமாக இருந்தது. அடுத்த இரண்டு வாரங்கள், பேச வேண்டிய ஒவ்வொரு செய்தியையும் அதே நூலகத்தில் அமர்ந்து சரிபார்த்தேன். ஜார்ஜ் சதுக்கம் மன்னர் ஜார்ஜின் பெயரால் அமைந்தது என்றே நான் எண்ணியிருந்தேன். அதை அமைத்த ஜேம்ஸ் பிரவுன் தம் உடன்பிறந்தாரான ஜார்ஜின் பெயரை இட்டார் என்று அறிந்தேன். பட்டமளிப்பு விழாவில் பட்டம் பெறுவோர் தலையில் ஒரு பழைய தொப்பியால் தட்டுவது அங்கு மரபு. பதினாறாம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸின் காற்சட்டைத் துணியால் அத்தொப்பி தைக்கப்பட்டது என்பார்கள். அதைக் கதை என்று சொல்லியே கதையாகச் சொல்லலாம் எனக் குறித்துக்கொண்டேன். 1583இல் வகுப்புகள் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் உண்மைக்கா பஞ்சம்? 1825இல் மருத்துவம் படிக்க வந்த பதினாறு வயதுச் சார்லஸ் டார்வின், மயக்க மருந்தில்லாத அக்கால அறுவை மருத்துவத்தைக் காணப் பொறாது, 1827இல் பட்டம் பெறாமலேயே திரும்பினார். என் துறையின் முன்னோடியான பிரபுல்ல சந்திர ராய் 1887இல் அங்கே அறிவியல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, கொல்கத்தாவில் பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பீட்டர் ஹிக்ஸ் 1964இல் எழுதிய ஆய்வுரைக்கான நோபல் பரிசைப் பெற 2013வரை காத்திருந்தார்.

அவ்வாறு தேடும்போதுதான் எழுவர் வரலாறு கிடைத்தது. 1869இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்பவரும் அவருடன் சேர்ந்த பெண்களும் மருத்துவம் படிக்க அப்பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றனர். ஆண்களோடு சேர்ந்து படிக்க முடியாது, தனி வகுப்பு, கூடுதல் கட்டணம். அவர்களுள் ஒருவரான எடித் பீச்சி வேதியியல் தேர்வில் உதவித்தொகைக்குரிய இடத்தைப் பெற்றார். பெண் என்பதால் அது அவருக்கு மறுக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், அறுவை மருத்துவர் மாளிகையில் தேர்வெழுதச் சென்ற அப்பெண்கள்மீது பெருங்கூட்டம் சேற்றை வாரி எறிந்தது. வாயிற்கதவை முகத்தெதிரே சாத்தியது. தேர்வு நடந்துகொண்டிருக்கையில் ஓர் ஆட்டையும் கூடத்திற்குள் தள்ளிவிட்டார்கள். 1873இல் நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பட்டமின்றியே வெளியேறினார்கள். அவர்களுக்குரிய பட்டங்கள் 2019ஆம் ஆண்டு ஜூலையில், மெக்யூவன் மண்டபத்தில் வழங்கப்பட்டன. அவர்கள் சார்பில் இன்றைய மருத்துவ மாணவியர் எழுவர் மேடையேறிப் பெற்றுக்கொண்டனர்.

இதைப் படித்தபோது எழுந்து நடக்க வேண்டும் போலிருந்தது. எடித் பீச்சி பின்னாளில் வேறு வழியில் மருத்துவராகி, 1883இல் பம்பாய்க்கு வந்து, காமா மருத்துவமனையில் பணியாற்றினார். எடின்பரோ கதவைச் சாத்திய சில ஆண்டுகளுக்குள், 1875இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டது. அதே கல்லூரியில்தான் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஐந்து வாரம் வாய் திறவாமல் தலை குனிந்து நடந்த ஊரில், நான் எதையோ எடுத்துக் கொடுக்கக் கைவசம் வைத்திருக்கிறேன் என்று அன்று தோன்றியது.

ஆனால் இதைப் பார்வையாளரிடம் சொல்லலாமா? பல்கலைக்கழகம் ஊதியம் தந்து அமர்த்திய ஒருவர், அப்பல்கலைக்கழகத்தின் தலைகுனிவை எடுத்துரைப்பது முறையா? வகுப்பில் கேட்டேன். அப்போது உடனிருந்த மாணவர் ஒருவர் வேறொன்றையும் சேர்த்தார். மெய்யியலாளர் டேவிட் ஹியூம் பெயர் தாங்கியிருந்த உயர்ந்த கட்டடம் ஒன்று, இனம் பற்றி அவர் எழுதிய கருத்துகளுக்காக 2020இல் பெயர் மாற்றப்பட்டு, இப்போது '40, ஜார்ஜ் சதுக்கம்' என்று கதவிலக்கத்தால் வழங்குகிறது. அதைப் பற்றி யாரேனும் கேட்டால் என்ன சொல்வது என்றார். விவாதம் நெடுநேரம் நீண்டது. "நடந்தது என்ன, எந்த ஆண்டு என்பதைச் சொல்லுங்கள். உங்கள் கருத்தைக் கேட்டால், இது என் கருத்து என்று சொல்லிச் சொல்லுங்கள். விற்பதற்காக உங்களை நான் பழக்கவில்லை. பொய்யான நம்பிக்கையில் சேர்ந்து ஒரு பருவத்தில் ஓடிப்போகும் மாணவரால் யாருக்கு என்ன பயன்?" என்றார் பயிற்றுநர். நல்ல விடைதான். ஆயினும் ஊதியம் பெறும் நாக்கு எவ்வளவு தூரம் தன் விருப்பப்படி புரளும் என்னும் ஐயம் எனக்கு முழுதும் தீரவில்லை. வாய்ப்பு வரும்போது பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

குளிர்காலம் முழுவதும் கடைவழிகாட்டியாகவே இருந்தேன். முன்னே ஒருவர் அழைத்துச் செல்வார். புதியவர் கூட்டத்தின் வால்பக்கம் நடந்து, யாரும் பிரிந்து போகாமல் பார்த்துக்கொள்வார். டிசம்பரில் அங்கே பிற்பகல் மூன்றேமுக்கால் மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். அந்த அரையிருட்டில் வால்பக்கம் நடந்தபோது ஒன்றைக் கண்டேன். முன்னே செல்பவரிடம் பெற்றோர் உரக்கக் கேட்கும் வினாக்கள் வேறு. வால்பக்கத்தில் மாணவர் மெல்லக் கேட்கும் வினாக்கள் வேறு. தேர்ச்சி விகிதம், வேலைவாய்ப்பு, ஆய்வுக்கூட வசதி ஆகியவை முன்னே. பின்னே வந்தவை: தனியாகச் சாப்பிட்டால் யாராவது பார்ப்பார்களா? வகுப்பில் புரியவில்லை என்றால் கை தூக்குவார்களா? வீட்டு நினைவு வந்தால் என்ன செய்வீர்கள்?

மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் முதன்முதலாக முன்னே நடந்தேன். இடம் கிடைத்தும் சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்காத மாணவர்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கும் நாள் அது. தலைகளை எண்ணினேன், பதினான்கு. தூறல் தொடங்கியிருந்தது. குரல் முதல் நிறுத்தத்தில் நடுங்கியது. இரண்டாம் நிறுத்தத்தில் நின்றது. நூலகத்தின் முன்னே, "இது புதைகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். மெக்யூவன் மண்டபத்தின் முன்னே எழுவர் வரலாற்றைச் சொன்னேன், சென்னையையும் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாய் மட்டும், தன் மகளின் தோளில் வைத்திருந்த கையை எடுக்காமல், மண்டபத்தின் உச்சியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவைக் கடந்து எண்ணினேன். பன்னிரண்டு. உடல் சில்லிட்டது. கடைவழிகாட்டியாக வந்த மாணவர் கையசைத்தார். இருவர் பின்தங்கி வந்துகொண்டிருந்தனர். கைத்தடி ஊன்றிய முதியவரும் அவருடைய பேத்தியும். காத்திருந்தோம். கூட்டத்தில் சிலர் கடிகாரத்தைப் பார்த்தனர். முதியவர் வந்து, நின்று, மூச்சு விட்டார். பிறகுதான் பேசினேன்.

உலா முடிந்து மற்றவர்கள் கலைந்தபின் அப்பெண் என்னருகே வந்தாள். எடின்பரோவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்கு முதலில் வருபவள் அவளே. ஸ்காட்லாந்து மாணவர்க்கு முதற்பட்டப் படிப்பின் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்திவிடும். அதில் அவளுக்குக் கவலையில்லை. "நான் வீட்டிலிருந்தே வந்துபோவேன். விடுதியில் இருப்பவர்களெல்லாம் ஒன்றாகிவிட, நான் மட்டும் வெளியாளாக நிற்பேனா?" என்று கேட்டாள். சற்று நிறுத்தி, "என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களா?" என்றாள். அவள் பேச்சில் அந்நகரத்து எளிய மக்களின் வழக்கு இருந்தது. அதே ஊரில் பிறந்தவள், அதே ஊரின் பல்கலைக்கழகத்தில் தன் பேச்சை நினைத்து அஞ்சுகிறாள். கடல் கடந்து வந்த என்னிடம் கேட்கிறாள்.

பயிற்சியேட்டில் இதற்கு ஒரு விடை இருந்தது. மாணவர் மன்றங்கள் எத்தனை, நண்பர் குழுக்கள் எத்தனை என்று சொல்லலாம். என் நாக்கு அதைச் சொல்லத்தான் புரண்டது. பிறகு, "முதல் ஐந்து வாரங்கள் நான் யாரோடும் பேசவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே செய்தியை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நான்காம் முறை கேட்க வெட்கப்பட்டுப் பிழையாகச் செய்து, குடுவையை உடைத்தேன். ஒருநாள் ஒருவர் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. இப்போது எனக்கு நண்பர்கள் மூவர், அதிகமில்லை. ஆனால் மூவர்" என்றேன். வீட்டிலிருந்து வந்து படிப்பது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அப்படிப் படிக்கும் தூதர் ஒருவர் வரவேற்பு மேசையில் இருந்தார். அவரிடம் அழைத்துப் போனேன். இருவரும் ஒரே வழக்கில் பேசிக்கொள்ளத் தொடங்கியதும் எனக்குப் பாதி புரியவில்லை. நான் ஒதுங்கிக்கொண்டேன்.

முதியவர் அருகே ஒரு நீள்இருக்கையில் அமர்ந்திருந்தார். தாமதப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். அதெல்லாம் இல்லை என்றேன். தாம் முப்பது ஆண்டுகள் இந்நகரத்தில் பேருந்து ஓட்டியதாகச் சொன்னார். தெற்குப் பாலத் தெரு வழியாக, பழைய கல்லூரியின் வளைவு வாயிலை நாளொன்றுக்கு எத்தனை முறை கடந்திருப்பேன் என்று கணக்கில்லை என்றார். குவிமாடத்தின் உச்சியில் கையில் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் பொன்னிறச் சிலையைச் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பார்ப்பாராம். "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

1789இல் அடிக்கல் நாட்டப்பட்டது, இராபர்ட் ஆடம் வரைந்தது, அவர் இறந்தபின் போரினால் பணி நின்றது, பிளேஃபேர் தொடர்ந்து முடித்தது, குவிமாடம் 1887இல் எழுந்தது எனப் பாடம் செய்தவையெல்லாம் நாவின் நுனிக்கு வந்தன. "நீங்கள் உள்ளே சென்றதே இல்லையா?" என்றுமட்டும் கேட்டேன்.

"நான் எதற்கு உள்ளே போவேன்?" என்றார். "போகலாமா?"

அந்த முற்றம் யார்க்கும் திறந்தே இருக்கும். எங்கள் உலாவின் வழியில் அது இல்லை. என் வேலை நேரமும் முடிந்திருந்தது. பேத்தி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். எனக்கு அது பத்து நிமிட நடை. படியில்லாத வழியைத் தேர்ந்தேன். தூறல் நின்றிருந்தது. அவர் கைத்தடியை ஊன்றி ஓர் அடி வைப்பார். நான் ஓர் அடி வைப்பேன். வாயிலை அடைய அரைமணி நேரம் ஆயிற்று. வளைவின் கீழே அவர் நின்றார். நான் திரும்பி நின்று காத்திருந்தேன்.